கட்டளை வரியைக் கற்கத் தொடங்கும் மாணவர்களின் கேள்விகள்

கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் மாணவர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளை வரி குறித்து அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவாக இருந்தவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். கட்டளைகளை எழுதும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதை முதலிலேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லா வேலைகளையும் மவுஸால் சொடுக்கிச் செய்ய முடிகிறபோது, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கற்க வேண்டிய தேவை என்ன? (முதலாமாண்டு மாணவி, கணினி அறிவியல்)

பதில்: ஒரு வேலையை ஒரே ஒரு முறை செய்வதாக இருந்தால் மவுஸே போதும், பல நேரங்களில் அதுதான் எளிதும்கூட. அதே வேலையை அடுத்த வாரமும் செய்ய வேண்டும், நூறு கோப்புகளுக்குச் செய்ய வேண்டும், எங்கோ தொலைவில் இருக்கும் இன்னொரு கணினியில் செய்ய வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் கட்டளை வரியின் அருமை தெரியவரும். மவுஸால் செய்த வேலைக்குத் தடம் கிடையாது. கட்டளையால் செய்த வேலை எழுத்தாகவே நிற்கிறது. அதைச் சேமித்து வைக்கலாம், திருத்தலாம், தோழிக்கு அனுப்பலாம், ஒரு கோப்பில் வரிசையாக எழுதி நிரலாகவே இயக்கலாம்.

இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன. அவற்றில் பொதுவாக வரைகலை இடைமுகம் நிறுவப்படுவதில்லை. 2017 நவம்பர் முதல், உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்துமே லினக்ஸில்தான் இயங்கிவருகின்றன. இத்தகைய கணினிகளோடு, தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளை வரியில்தான் பேச முடியும்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும், என் பார்வையில் அதுதான் முதன்மையானது. நீங்கள் இன்று கற்கும் மென்பொருள்களில் பல, பட்டம் பெறுவதற்குள் உருமாறிவிடும். ஆனால் எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம், கேட் ஆகிய கட்டளைகள் 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே இருந்தவை. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதத் தொடங்கிய 1991ஆம் ஆண்டுக்கு இருபது ஆண்டுகள் முந்தைய அறிவு அது. இன்றும் சிறிதும் பழுதுபடாமல் பயன்படுகிறது. ஒரு முறை கற்றால் வாழ்நாள் முழுவதும் கைகொடுக்கும் திறன்கள் கணினித் துறையில் அதிகமில்லை.

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் இருக்கிறது. அதை அழித்துவிட்டு லினக்ஸ் நிறுவ வேண்டுமா? எந்த வகை லினக்ஸ் சிறந்தது?

பதில்: அழிக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்க உதவும் டபிள்யூஎஸ்எல் என்னும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2016இல் அறிமுகப்படுத்தியது; அதன் இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே இயங்குகிறது. தொடக்க நிலைக்கு அது தாராளமாகப் போதும். முழு லினக்ஸையும் தனியாகப் பார்க்க விரும்பினால் மெய்நிகர் இயந்திரத்தில், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினிபோல இயங்கும் மென்பொருளில், நிறுவலாம். மேக் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள டெர்மினலிலேயே தொடங்கலாம் என்றாலும், சில கட்டளைகளின் விருப்பங்கள் (கட்டளையோடு சேர்த்து எழுதும் கூடுதல் குறிப்புகள்) அங்கே சற்று மாறுபடும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகியவற்றில் எதை எடுத்தாலும் முதல் ஆண்டில் நீங்கள் கற்கப்போவது ஏறத்தாழ ஒன்றேதான். எது சிறந்தது என்ற விவாதத்தில் ஒரு மாலைப் பொழுதைக்கூடச் செலவிட வேண்டாம்.

கேள்வி: சீனியர் மாணவர் ஒருவர் நூற்றைம்பது கட்டளைகள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். நாள்தோறும் பத்துப் பத்தாகப் படிக்கிறேன், மறுநாளே மறந்துவிடுகிறது. என் நினைவாற்றல் குறைவா, முறை தவறா?

பதில்: முறைதான் தவறு. கட்டளை வரியில் திறமை மிக்கவர்கள் பெரும்பாலோர் நாள்தோறும் பயன்படுத்துவது இருபது, முப்பது கட்டளைகளைத்தான். மற்றவற்றைத் தேவைப்படும்போது கையேட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் இருப்பது பட்டியல் அறிவு அன்று, இலக்கண அறிவு. ஆகவே பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, நீங்கள் எழுதும் வரியை ஷெல் எப்படிப் படிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கும் கெர்னலுக்கும் இடையே நின்று கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலே ஷெல். லினக்ஸில் பரவலாக இருப்பது பேஷ் என்னும் ஷெல். கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்தது. நீங்கள் என்டர் விசையை அழுத்தியதும், ஷெல் அந்த வரியை இடைவெளிகள் உள்ள இடங்களில் துண்டு துண்டாக வெட்டுகிறது. முதல் துண்டைக் கட்டளையின் பெயராகவும், எஞ்சியவற்றை அக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டிய தகவல்களாகவும் கொள்கிறது. சிறு கோட்டுடன் தொடங்கும் துண்டுகள் வழக்கமாக விருப்பங்கள், அதாவது வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்பவை. மற்றவை எதன்மீது செய்ய வேண்டும் என்பதைச் சொல்பவை. ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளும் இந்த ஒரே அமைப்புக்குள் அடங்கிவிடும்.

இதைப் புரிந்துகொண்டவுடன் பல குழப்பங்கள் தாமே விலகும். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் ஏன் பிழை வருகிறது? ஷெல் அதை இரண்டு பெயர்களாக வெட்டிவிடுகிறது; மேற்கோள் குறிக்குள் எழுதினால் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். நட்சத்திரக் குறியைக் கட்டளை புரிந்துகொள்கிறதா? இல்லை. கட்டளை தொடங்குவதற்கு முன்பே, நட்சத்திரக் குறி இருந்த இடத்தில் பொருந்தும் கோப்புப் பெயர்களையெல்லாம் ஷெல்லே எழுதிக் கொடுத்துவிடுகிறது. எக்கோ என்னும் கட்டளைக்கு அடுத்து ஒரு நட்சத்திரக் குறியை மட்டும் இட்டு என்டர் அழுத்திப் பாருங்கள். அந்தக் கோப்புறையில் உள்ள பெயர்கள், புள்ளியில் தொடங்குபவை தவிர, எல்லாம் திரையில் வரும். எக்கோவுக்குக் கோப்புகளைப் பற்றி எதுவும் தெரியாது, ஷெல் கொடுத்த சொற்களை அப்படியே திருப்பிச் சொல்வது மட்டுமே அதன் வேலை. இந்த ஒரு சோதனை ஐம்பது கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தொடக்கத்துக்கு வேண்டிய கட்டளைகள் சிலவே: எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் பிடபிள்யூடி, அங்கே என்ன இருக்கிறது என்று காட்டும் எல்எஸ், இடம் மாறும் சிடி, கோப்புறை உருவாக்கும் எம்கேடிர், நகலெடுக்கும் சிபி, இடம் அல்லது பெயர் மாற்றும் எம்வி, நீக்கும் ஆர்எம், கோப்பைப் படிக்கும் லெஸ், சொல்லைத் தேடும் கிரெப், கையேட்டைத் திறக்கும் மேன். பாடக் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது, செய்முறைப் பயிற்சிக் கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவது போன்ற உங்கள் சொந்த வேலைகளை ஒரு மாதம் கட்டளை வரியிலேயே செய்துவாருங்கள். தட்டச்சின் பாரத்தை டேப் விசை பெருமளவு குறைக்கும்: பெயரின் முதல் சில எழுத்துகளை இட்டு அதை அழுத்தினால் எஞ்சியதை ஷெல் நிரப்பிவிடும், நிரப்பவில்லை என்றால் அந்தப் பெயர் அங்கே இல்லை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன என்று பொருள். முன்பு எழுதிய கட்டளையைத் தேட கன்ட்ரோல் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தி, நினைவிலிருக்கும் ஒரு பகுதியைத் தட்டச்சு செய்தால் போதும்.

கேள்வி: சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைல் செய்தேன், பிழை எதுவும் வரவில்லை. ஏ.அவுட் என்று தட்டச்சு செய்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. எல்எஸ் கொடுத்தால் கோப்பு கண்முன்னே இருக்கிறது! வேறு பெயர் வைத்துப் பார்க்கலாம் என்று டெஸ்ட் எனப் பெயரிட்டேன். இப்போது பிழையும் வரவில்லை, விடையும் வரவில்லை.

பதில்: இரண்டு தனித்தனிச் செய்திகள் உங்கள் கேள்வியில் பொதிந்திருக்கின்றன, இரண்டுமே கற்கத் தகுந்தவை.

கட்டளையின் பெயர் ஒன்றைக் கொடுத்தால் ஷெல் கணினி முழுவதும் தேடுவதில்லை. பாத் என்னும் மாறியில் எழுதப்பட்டிருக்கும் கோப்புறைகளில் மட்டும், எழுதப்பட்டிருக்கும் வரிசையில் தேடுகிறது. நீங்கள் தற்போது நிற்கும் கோப்புறை அந்தப் பட்டியலில் வழக்கமாக இருக்காது. இது பாதுகாப்புக்காகவே அவ்வாறு விடப்பட்டிருக்கிறது: இருந்திருந்தால், யாரேனும் ஒரு பொதுக் கோப்புறையில் எல்எஸ் போன்ற பெயரில் தீங்கான நிரலை வைத்துவிட, அங்கே சென்று நீங்கள் எல்எஸ் என்று தட்டச்சு செய்யும்போது அது இயங்கிவிடும் வாய்ப்பு ஏற்படும். எனவே உங்கள் நிரலின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியையும் ஒரு சாய்கோட்டையும் சேர்த்து எழுதுங்கள். புள்ளி என்பது இப்போது இருக்கும் கோப்புறையைக் குறிக்கிறது. இந்தக் கோப்புறையில் உள்ள இந்த நிரலைத்தான் சொல்கிறேன் என்று வெளிப்படையாகக் கூறிவிடுவதால் ஷெல் வேறெங்கும் தேடாது.

டெஸ்ட் என்று பெயரிட்டபோது நடந்தது வேறு. அந்தப் பெயரில் ஷெல்லுக்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது. நிபந்தனைகளைச் சரிபார்ப்பது அதன் வேலை, திரையில் எதையும் அது எழுதாது. உங்கள் நிரலுக்குப் பதிலாக அதுதான் இயங்கி, அமைதியாக முடிந்திருக்கிறது. டைப் என்னும் கட்டளைக்கு அடுத்து ஒரு பெயரை எழுதினால், அந்தப் பெயரைச் சொன்னால் உண்மையில் எது இயங்கும் என்பதை ஷெல் சொல்லிவிடும். சந்தேகம் வரும்போதெல்லாம் அதைக் கேளுங்கள்.

பிழைச் செய்தியைக் கண்டதும் பதறித் திரையைத் துடைத்துவிடும் பழக்கம் பல மாணவர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான பிழைச் செய்திகள் மூன்று பகுதிகள் கொண்டவை: பேசுவது யார், எதைப் பற்றிப் பேசுகிறது, என்ன நேர்ந்தது. கோப்பின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் கட்டளையான 'கேட்' என்று தொடங்கி, ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை என்று முடிந்தால், கேட் கட்டளை சரியாக இயங்கியது, நீங்கள் சொன்ன பெயர்தான் அங்கே இல்லை என்று பொருள். பேஷ் என்று தொடங்கினால், கட்டளை தொடங்கும் முன்பே ஷெல் தடுமாறிவிட்டது. இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணையும் விட்டுச்செல்கிறது. எக்கோவுக்கு அடுத்து டாலர் குறியையும் கேள்விக்குறியையும் சேர்த்து எழுதினால் அதைக் காணலாம். 0 என்றால் வெற்றி. பேஷில் 127 என்றால் அந்தப் பெயரில் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஆனால் இயக்க இயலவில்லை.

கேள்வி: எதைக் கேட்டாலும் ஆசிரியர் 'மேன் பக்கத்தைப் பார்' என்கிறார். திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. சிடி கட்டளைக்கு அந்தப் பக்கமே கிடைக்கவில்லை.

பதில்: மேன் பக்கங்கள் பாடநூல்கள் அல்ல, அகராதியைப் போலப் பயன்படுத்த வேண்டிய கையேடுகள், முதலிலிருந்து கடைசி வரை படிக்க முயன்றால் யாருக்கும் விளங்காது. பெயரும் ஒரு வரி விளக்கமும் உள்ள முதல் பகுதியைப் படியுங்கள். அடுத்து வரும் சுருக்க வரியில், சதுர அடைப்புக்குள் இருப்பவை கட்டாயமற்றவை, மூன்று புள்ளிகள் இருந்தால் அதற்கு முன் உள்ளதைத் திரும்பத் திரும்பத் தரலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த வரி பேசத் தொடங்கும். பிறகு சாய்கோட்டை அழுத்தி, தேட வேண்டிய சொல்லைத் தட்டச்சு செய்து நேரடியாக அந்த இடத்துக்குப் போங்கள். ஆங்கில 'என்' எழுத்து அடுத்த இடத்துக்கு அழைத்துச்செல்லும், க்யூ எழுத்து வெளியேற்றும். எடுத்துக்காட்டுகள் இருந்தால் பெரும்பாலும் பக்கத்தின் இறுதியில் இருக்கும்.

கையேடு எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1ஆம் பகுதி பயனர் கட்டளைகளுக்கு, 2ஆம் பகுதி கெர்னலை அழைக்கும் முறைகளுக்கு, 3ஆம் பகுதி நிரல் நூலகங்களுக்கு. சி மொழி படிக்கும் மாணவர் பிரின்ட்எஃப் பற்றி அறிய மேன் பக்கத்தைத் திறந்தால், அதே பெயருள்ள கட்டளையின் பக்கம் திறந்து குழப்பும். மேன் என்பதற்கும் பிரின்ட்எஃப் என்பதற்கும் நடுவே 3 என்ற எண்ணைச் சேர்த்தால், உங்களுக்கு வேண்டிய சி மொழிச் செயற்கூறின் பக்கம் கிடைக்கும்.

சிடி ஷெல்லின் உள்ளமைந்த கட்டளை. ஆகவே ஹெல்ப் என்று எழுதி அடுத்து சிடி என்று எழுதுங்கள். அது ஏன் தனி நிரலாக இல்லை என்பது அழகான கேள்வி. லினக்ஸில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனக்கென ஒரு நடப்புக் கோப்புறை உண்டு. சிடி தனி நிரலாக இருந்தால் தன் கோப்புறையை மாற்றிக்கொண்டு முடிந்துபோகும். ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஷெல்லை இடம் மாற்ற ஷெல்லால்தான் முடியும்.

கேள்வி: 'பெர்மிஷன் டினைட்' என்று வரும்போதெல்லாம் முன்னால் சூடோ சேர்த்துவிடுகிறேன், வேலை நடந்துவிடுகிறது. இதில் தவறு உண்டா?

பதில்: உண்டு. அனுமதி இல்லை என்பது தடைக்கல் அன்று, தகவல். நீங்கள் தவறான கோப்புறையில் நிற்கலாம், வேறொருவருடைய கோப்பைத் தொட்டிருக்கலாம், நிரலுக்கு இயக்க அனுமதி தர மறந்திருக்கலாம். காரணத்தை அறியாமல் சூடோ சேர்த்தால் கட்டளை, கணினியின் தலைமைப் பயனரான ரூட்டின் முழு அதிகாரத்துடன் இயங்கும். உங்கள் சொந்தக் கோப்புறையிலேயே ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் உருவாகி, அடுத்த முறை அவற்றைத் திருத்தவும் சூடோ தேவைப்படும். இப்படி ஒரு சிக்கல் இன்னொன்றை வளர்த்துக்கொண்டே போகும்.

எல்எஸ் கட்டளைக்கு எல் விருப்பத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு கோப்பின் முன்னும் அனுமதி எழுத்துகள் தெரியும். உரிமையாளருக்கு மூன்று, குழுவுக்கு மூன்று, மற்றவர்களுக்கு மூன்று. படிப்பதற்கு மதிப்பு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. மூன்றையும் கூட்டினால் 7. எனவே 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் முடியும். 755 என்றால் எல்லாரும் படிக்கவும் இயக்கவும் முடியும், எழுதுவது உரிமையாளர் மட்டுமே. சிஎச்மாட் கட்டளையால் இவற்றை மாற்றலாம். எதுவும் பிடிபடாதபோது 777 கொடுத்துவிடச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடுவது அது.

கோப்பு ஒன்றை நீக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோப்பின் அனுமதி அன்று. அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி உங்களுக்கு உள்ளதா என்பதே. கோப்புறை என்பது பெயர்களின் பட்டியல், நீக்குவது அந்தப் பட்டியலைத் திருத்துவது என்று எண்ணிப் பார்த்தால் இது இயல்பாகவே தோன்றும். மேலும், சூடோ கடவுச்சொல்லைக் கேட்கும்போது நீங்கள் தட்டச்சு செய்வது பொதுவாகத் திரையில் தெரியாது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

கேள்வி: ஆர்எம் கட்டளையைப் பயன்படுத்தவே அச்சமாக இருக்கிறது. தவறாக எதையேனும் அழித்துவிட்டால் மீட்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. ஆர்எம் நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. ஆகவே உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அதை ஒழுங்கான பழக்கமாக மாற்றிக்கொள்ள வேண்டும். நட்சத்திரக் குறியோடு ஆர்எம் எழுதும் முன், அதே வரியை ஆர்எம் இருக்கும் இடத்தில் எல்எஸ் இட்டு இயக்கிப் பாருங்கள். திரையில் வருபவைதான் அழியப்போகின்றவை. ஐ விருப்பத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் உங்களைக் கேட்டே நீக்கும்.

ஆர்எம்முக்கு அஞ்சும் மாணவர்கள் அதைப் போலவே அழிக்கவல்ல மற்றவற்றை அறியாமல் பயன்படுத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது. எம்வி, சிபி இரண்டும், போகும் இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் வழக்கமாக ஒரு சொல்கூடக் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். அதைவிடக் கொடியது, விளைவைக் கோப்புக்குத் திருப்பும் பெரியது-குறி. ஒரு கோப்பை சார்ட் கட்டளையால் அகரவரிசைப்படுத்தி, விளைவை அதே கோப்புக்குத் திருப்பினால், வரிசைப்பட்ட கோப்பு கிடைக்காது, வெற்றுக் கோப்புதான் மிஞ்சும். ஏனெனில் சார்ட் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைத் திறந்து உள்ளடக்கத்தைத் துடைத்துவிடுகிறது. கட்டளைக்கு முன் ஷெல் என்ன செய்கிறது என்பதை அறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இடம் மாறி அங்குள்ளதை நீக்கும் இரண்டு கட்டளைகளை ஒரே வரியில் எழுதினால், நடுவே அரைப்புள்ளி இடாதீர்கள், இரட்டை ஆம்பர்சேண்ட் இடுங்கள். அப்போது முதலாவது வெற்றி பெற்றால் மட்டுமே இரண்டாவது இயங்கும். அரைப்புள்ளி இருந்தால், சிடி தோற்றாலும் ஆர்எம் இயங்கும். நீங்கள் நின்ற இடத்திலேயே இயங்கும்.

கேள்வி: பைப் என்பதைப் பற்றி எல்லாரும் வியந்து பேசுகிறார்கள். ஒரு கட்டளையின் விளைவை இன்னொன்றுக்குக் கொடுப்பதில் அப்படி என்ன சிறப்பு?

பதில்: பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டக் மெக்கில்ராய், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல நிரல்களைப் பொருத்த வழி வேண்டும் என்று 1964இலேயே ஒரு குறிப்பு எழுதினார். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செயல்படுத்தினார். அதற்குப் பிறகு நிரல் எழுதுவோரின் சிந்தனையே மாறியது: எல்லாவற்றையும் செய்யும் ஒரு பெரிய நிரலுக்குப் பதிலாக, ஒரு வேலையைச் செவ்வனே செய்யும் சிறு நிரல்களை எழுதி, அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வழி திறந்தது.

வருகைப் பதிவுக் கோப்பு ஒன்று உங்களிடம் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், வந்த நாள்தோறும் ஒரு முறை. யார் எத்தனை நாள் வந்தார் என்று அறிய வேண்டும். இதற்கென நிரல் எழுத உட்கார்ந்தால் அரை மணி நேரமாவது ஆகும். கட்டளை வரியில், சார்ட் பெயர்களை வரிசைப்படுத்தும். யுனிக் கட்டளை, சி விருப்பத்துடன், ஒரே பெயர்களைத் தொகுத்து எண்ணிக்கையை முன்னால் எழுதும். மீண்டும் சார்ட், 'ஆர்', 'என்' ஆகிய விருப்பங்களுடன், எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கும். ஹெட் முதல் பத்து வரிகளை மட்டும் காட்டும். நான்கையும் பைப்பின் குறியான செங்குத்துக் கோட்டால் இணைத்தால் ஒரே வரியில் வேலை முடிந்தது.

இதில் முதலில் சார்ட் எதற்கு என்று கேட்க வேண்டும். அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளை மட்டுமே யுனிக் சேர்க்கும். சிதறிக் கிடந்தால் தனித்தனியாகவே எண்ணும். பைப் அமைக்கும்போது ஒரே மூச்சில் முழு வரியையும் எழுதாமல், ஒவ்வொரு கட்டமாகச் சேர்த்து, இடையில் என்ன வருகிறது என்று பார்த்துப் பார்த்து அமைத்தால் இத்தகைய நுட்பங்கள் தாமே புலப்படும். இன்னொன்றும் கவனியுங்கள்: பைப் வழியாகப் போவது இயல்பான விளைவு மட்டுமே. பிழைச் செய்திகளுக்குத் தனி வழி, எண் 2. அவை திரைக்கே வரும். நல்ல விளைவோடு பிழைச் செய்தி கலந்து அடுத்த நிரலைக் கெடுக்காமல் இருக்கவே இந்தப் பிரிவு.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் வேண்டிய கட்டளையை நொடியில் எழுதித் தருகிறது. இனியும் நாமே கற்க வேண்டுமா?

பதில்: கேளுங்கள், தவறில்லை. ஆனால் புரியாத வரியை இயக்காதீர்கள். எழுதித் தருபவருக்கு உங்கள் கணினியில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். விளைவைச் சுமக்கப்போவது நீங்கள். கிடைத்த வரியில் உள்ள ஒவ்வொரு விருப்பத்தையும் மேன் பக்கத்தில் தேடிப் பாருங்கள். ஓர் எழுத்துக்குக்கூட விளக்கம் கிடைக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். குறிப்பாக, இணையத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி, அதை நேரே பேஷுக்குப் பைப் செய்யும் வரிகளைக் கண்டால் முதலில் அந்தக் கோப்பைத் தனியாக இறக்கி, திறந்து படியுங்கள்; சூடோவும் சேர்ந்திருந்தால் இரு மடங்கு எச்சரிக்கை வேண்டும்.

பாடம் கற்கும் ஆண்டுகளில் ஒட்டுவதைக் குறைத்துக் கையால் தட்டச்சு செய்வதையே பரிந்துரைக்கிறேன். ஒவ்வோர் எழுத்தையும் கை எழுதும்போது, இது எதற்கு என்ற கேள்வியை மனம் கேட்காமல் இருக்காது.

கேள்வி: கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? தமிழ்க் கோப்பில் எழுத்துகளை எண்ணச் சொன்னால் டபிள்யூசி கட்டளை தவறான எண்ணைத் தருகிறதே! (முதலாமாண்டு மாணவர், தமிழ் இலக்கியம்)

பதில்: இலக்கிய மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது. பெரிய உரைத்தொகுப்புகளில் சொற்களைத் தேடவும் எண்ணவும் கட்டளை வரியைப் போன்ற துணை அரிது.

தமிழில் தாராளமாகப் பெயர் வைக்கலாம். லினக்ஸ் பரவலாகப் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 என்னும் குறிமுறையை கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்தார்கள். அதில் யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். டபிள்யூசி கட்டளை சி விருப்பத்துடன் பைட்டுகளை எண்ணும், எம் விருப்பத்துடன் யூனிகோடு குறிகளை எண்ணும். தமிழ் இலக்கணம் எழுத்து என்று கொள்வதை இரண்டுமே எண்ணுவதில்லை. எக்கோ வழியாக அனுப்பினால் வரி முடிவுக் குறி ஒன்றும் கூடிவிடும். கோப்புப் பெயரின் உச்ச நீளம் பொதுவாக 255 பைட் என்பதால் தமிழில் 85 குறிகள் வரைதான் எழுதலாம்.

அகரவரிசையிலும் கவனம் தேவை. சார்ட் எந்த வரிசையைப் பின்பற்றும் என்பது லோக்கேல் அமைப்பை, அதாவது எந்த மொழி, நாட்டு வழக்கைப் பின்பற்ற வேண்டும் என்ற அமைப்பைப் பொறுத்தது. சி என்ற லோக்கேலில் அது பைட் மதிப்பை மட்டுமே பார்க்கும். யூனிகோடு வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தே வருவதாலும், புள்ளி உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இருப்பதாலும், கிடைக்கும் வரிசை நம் அகராதி வரிசையோடு பொருந்தாது. சொல்லடைவு தயாரிக்கும் முன் லோக்கேல் என்னும் கட்டளையால் உங்கள் அமைப்பைச் சரிபாருங்கள். மேலும், டெர்மினல்கள் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அகலமுள்ள கட்டங்களில் வைப்பதால் சில டெர்மினல்களில் தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். உரைத்திருத்தி ஒன்றில் திறந்தால் ஒழுங்காகவே இருக்கும்.

கேள்வி: டெர்மினல் திடீரென உறைந்துவிடுகிறது, எதைத் தட்டினாலும் அசைவதில்லை. விம் திருத்தியிலிருந்து வெளியே வரவும் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் சாளரத்தையே மூடிவிடுகிறேன்.

பதில்: சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல் விசையுடன் எஸ் எழுத்தை அழுத்தியிருப்பீர்கள், டெர்மினலில் அது திரையில் எழுதுவதை நிறுத்திவைக்கும். கன்ட்ரோலுடன் க்யூ அழுத்தினால் மீண்டும் ஓடும். இயங்கும் கட்டளையை நிறுத்த கன்ட்ரோலுடன் சி. கன்ட்ரோலுடன் இசட் அழுத்தினால் கட்டளை முடிவதில்லை, இடைநிறுத்தப்படும்; எஃப்ஜி என்று எழுதினால் திரும்பி வரும். எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேட், சார்ட் போன்றவற்றுக்கு உள்ளீடு முடிந்தது என்று சொல்ல, புதிய வரியில் கன்ட்ரோலுடன் டி. விம்மில் எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, வியப்புக்குறி ஆகியவற்றை வரிசையாக இட்டு என்டர் கொடுத்தால் சேமிக்காமல் வெளியேறும். சேமித்து வெளியேற, முக்காற்புள்ளியை அடுத்து டபிள்யூ, க்யூ. தேர்வு நெருங்கும் வாரத்தில் விம்மோடு போராட வேண்டாம். நானோ திருத்தி, வெளியேறும் வழியைத் திரையின் அடியிலேயே எழுதிக் காட்டும்.